பத்துக் கல், ஐந்து ராத்தல்

குதிரைகளுக்கு எடை எழுதுவது என் வேலை.
ஜெயித்ததற்குத் தண்டனை என்று
குர்ராபின் ஊர் மதுக்கடையில் சொல்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை.
பியரை முடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

திங்கள் இரவு. மேசைமேல் இருபத்திரண்டு பெயர்கள்.
நல்ல கால்களுக்குக் கூடுதல்,
சோனிக் கால்களுக்குக் கொஞ்சம்.
என் கணக்கு முழுக்கச் சரியாய் அமைகிற நாளில்
இருபத்திரண்டும் ஒரே மூக்காய்க் கோட்டைத் தொட வேண்டும்;
யாரும் ஜெயிக்கக் கூடாது.
பத்தொன்பது வருடமாய் அந்த நாளுக்குப்
பென்சில் சீவிக்கொண்டிருக்கிறேன்.

'லேட் ரென்ட்' என்றொரு குதிரை.
வாடகை பாக்கி.
ரொட்டிக்கடை மிஸஸ் ஆட்கின்ஸ் வைத்த பெயர்;
கடனுக்கு ஈடாய் வந்த குட்டி.
சேற்று நிறம், பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை.
லாயத்தில் நின்றபடி தூங்கும்,
ஓடுகையிலும் பாதித் தூக்கம்தான்,
கடைசி வளைவு வரும்வரை.

முதலில் ஏழு கல், ஒன்பது ராத்தல் தந்தேன். ஜெயித்தது.
எட்டுக் கல் நாலு. ஜெயித்தது.
ஒன்பது ஒன்று. மழை, முழங்கால் சேறு. ஜெயித்தது.
ஒன்பது பதினொன்று.
அன்றைக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஜெயித்ததாய்
டெஸ் கவானா சத்தியம் செய்கிறான்.
தேய்த்துக் குளிப்பாட்டுகிறவன்,
அவன் சத்தியத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

வாடகை ஏறிக்கொண்டே போனது.

கோப்பைப் பந்தயத்துக்குப் பத்து ஐந்து எழுதினேன்.
மாவுக் கைரேகையோடு ஒரு கடிதம் வந்தது:
'ஐயா, அவன் செய்த குற்றம் என்ன?'
பதில் எழுத உட்கார்ந்தேன்.
'அன்புள்ள அம்மையாருக்கு' வரை எழுதினேன்.

சனிக்கிழமை.
ஜாக்கி பின்னிகன் சேணத்தோடு எட்டுக் கல் இரண்டுதான்.
மீதி முப்பத்தொரு ராத்தலும் ஈயம்,
தகடு தகடாய்ச் சேணத்துணியின் பைகளில்.
உயிருள்ள எடை குதிரையோடு முன்னால் சாயும்,
மூச்சு வாங்கும், கெஞ்சும், வையும்.
ஈயம் எதுவும் செய்யாது.
உட்கார்ந்திருக்கும்.

பட்டியலின் அடியில் 'டீ லேடி', ஆறு கல் பதினொன்று.
அதன்மேல் பதினைந்து வயதுப் பையன்,
என் எண்ணுக்குள் நுழைவதற்காக
வியாழக்கிழமையிலிருந்து சாப்பிடாதவன்.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

நூறு கஜம் இருக்கையில் லேட் ரென்ட் முன்னால்.
ஐம்பதில் முன்னால்.
பிறகுதான் ஈயம் இருப்பது அதற்குத் தெரிந்தது,
ஒரே ஒரு தப்படியில், தோள் ஒரு விரற்கடை தாழ.
மூக்கு நீளத்தில் டீ லேடி.

ஐம்பது ராத்தல் வித்தியாசம்,
ஒரு மூக்குதான் பிழை.
என் வாழ்நாளின் நல்ல கணக்குகளில் ஒன்று.
ஜெயித்ததைப் பார்க்க அதன் சொந்தக்காரர் போனார்.
வேலியோரத் தொப்பிகளெல்லாம்
தோற்றதற்காகக் கழன்றன.

எடை பார்த்து இறங்கிய பின்னிகனுக்குக் கை நடுங்கியது.
பக்கத்தில் நின்றவன் நான்;
சேணம் என் கைக்கு வந்தது.
பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை
எழுதியதைத் தூக்கிப் பார்த்தேன்.
ஈரமாய் இருந்தது. சூடாகவும்.
முழங்கை மடங்கிவிட்டது.
யாரோ சிரித்தார்கள், நானாகவும் இருக்கலாம்.

அடுத்த மாதப் பட்டியலில் நாலு ராத்தல் குறைத்தேன்.
தோற்ற குதிரைக்குக் குறைப்பது வழக்கம்தான்.

செவ்வாய் காலை டெஸ் கவானா கதவைத் தட்டாமல் வந்தான்,
தொப்பி தலையில், சாணி பூட்ஸ் கம்பளத்தில்.
"குறைச்சிருக்கீங்க."
"ஆமாம்."
"அவனுக்கு என்ன குறைச்சல்?"

இரக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் முகத்தைப் பார்த்து, விதி என்றேன்.
"இந்த மாகாணத்துல வேற எதுக்காவது
பத்து ஐந்து எழுதினதுண்டா நீங்க?"
இல்லை.
"அப்ப அந்த நாலைத் திருப்பிக் குடுங்க."

இழுப்பறையில் ரப்பரைத் தேடினேன்.
அவன் மேசைமேல் குனிந்து நின்றான்,
கறிக்கடைத் தராசின் முள்ளைப் பார்ப்பவன்போல,
கண் இமைக்காமல்.